வுல்வரின் விளையாட்டு: எல்லைப் பக்கத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டு எல்லையை ஒட்டி இருக்கும் நம் ஆட்கள் ஒரே விளையாட்டைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ‘எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்’ என்ற 2009ஆம் ஆண்டு வீடியோ விளையாட்டுதான் அது. மார்வெல் என்ற அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனத்தின் ‘எக்ஸ்-மென்’ கதைகளில் வரும், கையில் இருந்து கத்தி போன்ற நகங்கள் நீளும் வீரன்தான் வுல்வரின். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும். விளையாடுகிறவர்கள் கேட்டதும் இருக்கிறது, பெற்றோர் கேட்டதும் இருக்கிறது. பிரிக்காமல் கலந்தே வைத்திருக்கிறேன்.

இது எந்தப் படத்தை வைத்து வந்தது? யார் செய்தது?

கேவின் ஹூட் இயக்கி, ஹியூ ஜாக்மேன் நடித்து 2009 மே மாதம் வந்த அதே பெயர் கொண்ட படம். விளையாட்டும் அதே நாளை ஒட்டி வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் ரேவன் சாஃப்ட்வேர் செய்தது, ஆக்டிவிஷன் வெளியிட்டது. அன்ரியல் என்ஜின் 3 என்ற மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. ரேவன் ஆட்களுக்கு மார்வெல் உலகம் புதிதல்ல. 2004இல் ‘எக்ஸ்-மென் லெஜண்ட்ஸ்’, 2006இல் ‘மார்வெல் அல்டிமேட் அலையன்ஸ்’ என்று ஏற்கெனவே செய்து பழகியவர்கள். வுல்வரினுக்கு ஜாக்மேனே குரல் கொடுத்திருக்கிறார். அவன் அண்ணன் விக்டராக நடித்த லீவ் ஷ்ரைபரின் குரலும் உண்டு.

படத்தில் அவ்வளவு ரத்தம் இல்லையே, விளையாட்டில் மட்டும் ஏன் இப்படி?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. படத்துக்கு அமெரிக்காவில் பிஜி-13 தரம். குடும்பத்தோடு பார்க்க வேண்டும், சின்னப் பிள்ளைகளும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு எடுத்தது. அதனால் ஆறு கத்திகள் கையில் இருந்து நீளும் ஒரு மனிதன் படம் முழுக்கச் சண்டை போட்டும், கத்தி பட்ட இடத்தைக் கேமரா காட்டாமல் நகர்ந்துவிடும். ரேவன் ஆட்கள் அந்தக் கட்டுப்பாட்டை ஏற்கவில்லை. வயது வந்தோருக்கான தரத்தை வாங்கிக்கொண்டு, நகம் பட்டால் என்ன ஆகுமோ அதை அப்படியே காட்டினார்கள். கை துண்டாகும், தலை போகும். தாவி ஹெலிகாப்டர் மேல் ஏறி, விமானியை வெளியே இழுத்து, சுழலும் இறக்கையில் அவன் தலையைக் கொடுக்கும் காட்சி ஒன்று உண்டு. விளையாட்டைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான்.

இதெல்லாம் வெறும் பரபரப்புக்கா என்றால், என் பதில் இல்லை. வுல்வரின் 1974இல் ஹல்க் காமிக்ஸின் 180, 181ஆம் இதழ்களில் அறிமுகமான நாளில் இருந்தே ஆபத்தான ஆள். அவனுடைய முழுத் துயரமும் அந்தக் கையில்தான் இருக்கிறது. யாரைத் தொட்டாலும் காயப்படுத்திவிடக் கூடிய கை. அந்தக் காயத்தை மறைத்துவிட்டால், அவன் ஏன் மனிதர்களை விட்டு விலகிக் காட்டில் போய் மரம் வெட்டிக்கொண்டு இருக்கிறான் என்பதே புரியாது. படத்தில் எனக்குப் புரியாத அந்த விஷயம் விளையாட்டில் புரிந்தது.

அவனுக்கு அடிபடாதா?

படும். விளையாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பொதுவாக இந்த மாதிரி விளையாட்டுகளில் அடிபட்டால் திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கோடு குறையும், அவ்வளவுதான். இதில் அவன் உடம்பையே பார்க்கலாம். குண்டு பட்டால் பனியன் கிழியும், தோல் உரியும், சதை பிய்ந்து விலா எலும்பு தெரியும். இன்னும் அடி வாங்கினால் எலும்புக்குப் பின்னால் இருக்கும் உறுப்புகளே தெரியும். அப்புறம் ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றால் சதை கொஞ்சம் கொஞ்சமாகப் படர்ந்து மூடும். தோல் வந்து சேரும். பனியன் மட்டும் கிழிந்தது கிழிந்ததுதான். ஒரு கட்டம் முடியும்போது துணி கந்தலாகித் தொங்க, உடம்பு மட்டும் முழுசாக நிற்பான்.

2009இல் இதை நேரடியாகத் திரையில் ஓடவிட்டது பெரிய வேலை. நான் இதைத் தொழில்நுட்ப வித்தையாக மட்டும் பார்க்கவில்லை. நீங்கள் எதிரிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு அடிக்கும் பதிலடி உங்கள் ஆளின் உடம்பில் எழுதப்படுகிறது. வலி இல்லாத வீரன் இல்லை இவன். வலித்து, ஆறி, மறுபடி வலிக்கிறவன். வன்முறையைக் காட்டும் எத்தனையோ விளையாட்டுகளில், அடிக்கிறவனையும் இவ்வளவு தெளிவாகக் காட்டியது மிகச் சிலதான்.

விளையாட்டு முறையிலும் இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். ஆறும் சக்தி தீரும் வரை தாக்குப் பிடிக்கலாம். அது தீர்ந்த பிறகும் அடி வாங்கினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும், அப்போதுதான் உயிர் போகும்.

ஆங்கிலம் அவ்வளவாக வராது. கதை புரியுமா?

தமிழ்க் குரலோ தமிழ் வசன வரிகளோ இதில் இல்லை. நம் பக்கத்தில் தமிழ் வழியில் படித்துவிட்டு, மலையாளத்தையும் சமாளித்துக்கொண்டு, ஆங்கிலம் மூன்றாவதாக நிற்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிவு தெரிய வேண்டாம் என்றால் இந்தப் பதிலின் கடைசிப் பத்தியை விட்டுவிடுங்கள்.

லோகன் என்பவன்தான் வுல்வரின். லோகன், விக்டர் இரண்டு பேரும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள். இருவருக்கும் காயம் ஆறும் உடம்பு, மூப்பு மிக மெதுவாக வரும். ஸ்ட்ரைக்கர் என்ற ராணுவ அதிகாரி இவர்களைப் போலச் சக்தி உள்ளவர்களைச் சேர்த்து ஒரு படை வைத்திருக்கிறான். ஆப்பிரிக்காவில் ஒரு விண்கல்லைத் தேடிப் போன இடத்தில், ஒன்றும் அறியாத ஊர்க்காரர்களைக் கொல்லச் சொல்கிறார்கள். லோகன் முடியாது என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறான். கனடாவில் கெய்லா என்ற பெண்ணோடு அமைதியாக வாழ்கிறான். விக்டர் தேடி வருகிறான், கெய்லா இறந்து கிடக்கிறாள். பழி வாங்கும் வெறியில் லோகன் ஸ்ட்ரைக்கரிடமே திரும்பிப் போய், தன் எலும்பு முழுக்க அடமான்டியம் என்ற உடையாத உலோகத்தை ஏற்றிக்கொள்ள ஒப்புக்கொள்கிறான். தான் ஏமாற்றப்பட்டது அங்கே தெரிய வருகிறது. உடைத்துக்கொண்டு ஓடுகிறான்.

படம் இதை வரிசையாகச் சொல்லும். விளையாட்டு ஆப்பிரிக்காவையும் இன்றையும் மாறி மாறிக் காட்டும். ஒரு கட்டத்தில் கையில் எலும்பு நகம், அடுத்த கட்டத்தில் உலோக நகம். குழம்பினால் கையைப் பாருங்கள், எந்தக் காலம் என்று தெரிந்துவிடும்.

கடைசியில், கெய்லா சாகவில்லை, எல்லாம் நாடகம் என்று தெரியும். பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் முடிவுச் சண்டை. (1979 மார்ச்சில் விபத்து நடந்த உண்மையான அணு உலை அது. படத்தில் அந்தப் பெயரைக் கதைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.) அடமான்டியம் குண்டு தலையில் பட்டு லோகன் நினைவை இழக்கிறான்.

படம் பார்க்காமல் விளையாடலாமா?

தாராளமாக. நான் சொன்ன கதை போதும்.

என் மகனுக்கு 12 வயது. கோவையில் இருக்கும் அவன் மாமா மகன் இதை வைத்திருக்கிறான். விளையாட விடலாமா?

எருத்தேம்பதிப் பக்கத்தில் இருந்து ஓர் அக்கா கேட்டது. வேண்டாம் அக்கா. மேலே நான் இவ்வளவு ஆர்வமாக எழுதியதைப் படித்தவர்களுக்கு இந்தப் பதில் ஆச்சரியமாக இருக்கலாம். இந்த விளையாட்டை நான் மதிப்பதால்தான் இதைத் திட்டமாகச் சொல்கிறேன். இதைச் செய்தவர்களே இது சிறுவர்களுக்கு இல்லை என்று உறையின் முன்பக்கத்திலேயே அச்சடித்து விற்றார்கள். அமெரிக்கத் தர அமைப்பு இதற்கு ‘எம்’ கொடுத்தது, அதாவது 17 வயதுக்கு மேல். ரத்தமும் சிதைந்த உடலும், கடுமையான வன்முறையும் என்று காரணமும் போட்டிருக்கிறது. நம் சினிமாவில் ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய படத்தோடு வைத்துப் பாருங்கள்.

நம் நாட்டில் ஒரு குழப்பம் உண்டு. சென்சார் போர்டு சினிமாவுக்குத்தான் சான்றிதழ் தருகிறது, வீடியோ கேமுக்குத் தருவதில்லை. அதனால் ‘கேம்தானே, பொம்மை மாதிரி’ என்று கடைக்காரரும் நினைக்கிறார், வீட்டிலும் நினைக்கிறார்கள். உறையின் கீழ் மூலையில் இருக்கும் சின்னக் கட்டத்தைப் பார்க்கிறவர்கள் குறைவு. தயவுசெய்து அதைப் பாருங்கள். ‘ஈ’ (E) என்றால் எல்லோருக்கும், ‘டி’ (T) என்றால் 13க்கு மேல், ‘எம்’ (M) என்றால் 17க்கு மேல். ஐரோப்பாவில் இருந்து வந்த டிஸ்க்காக இருந்தால் வயது எண்ணே நேராகப் போட்டிருக்கும்.

பையனிடம் ‘தொடக்கூடாது’ என்று மட்டும் சொன்னால், மாமா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுவான். இதில் என்ன இருக்கிறது, ஏன் இப்போது வேண்டாம், எந்த வயதில் சரி என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். மாமா மகனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். சூப்பர்ஹீரோ வேண்டும் என்று கேட்டால் ‘லெகோ மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ விளையாட்டு இருக்கிறது. அதிலும் வுல்வரின் வருவான், அடித்தால் லெகோ கட்டைகள்தான் சிதறும். சேர்ந்து உட்கார்ந்து இரண்டு பேர் விளையாடலாம்.

இதை விளையாடினால் பிள்ளைகள் முரடாகிவிடுவார்களா?

அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தன் நிலைப்பாட்டை மறுபடி ஆய்ந்து சொன்னது இது: வன்முறை விளையாட்டுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற சிறு முரட்டுத்தனத்துக்கும் சின்ன அளவில் தொடர்பு தெரிகிறது, கொலை, கடும் தாக்குதல் போன்றவற்றுக்கு விளையாட்டே காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. நானும் அதே இடத்தில்தான் நிற்கிறேன். எங்கோ ஒரு குற்றம் நடந்தவுடன் ‘கேம் விளையாடிக் கெட்டுப்போனான்’ என்று முடித்துவிடுவது, வீட்டில், பள்ளியில், ஊரில் இருந்த மற்றக் காரணங்களைப் பார்க்காமல் தப்பிப்பதுதான்.

ஆனால் அது ஒரு பக்கம். குற்றவாளி ஆக மாட்டான் என்பதற்காகப் பத்து வயதுப் பிள்ளை தலை துண்டாவதைப் பார்க்கலாம் என்று ஆகாது. பயந்து தூக்கம் கெடலாம். பார்த்துப் பார்த்து மரத்தும் போகலாம்.

உங்களுக்குக் கவலை தரும் அளவுக்குப் பிள்ளை திரையை விட்டு எழாமல் இருந்தால், சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் கெட்டால், எந்த விளையாட்டு என்பது இரண்டாம் விஷயம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் பேசுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் அது, காசு இல்லை, தமிழிலும் பேசலாம்.

கேம் சென்டர் வைத்திருக்கிறேன். கேட்கிற பையன்களுக்குப் போட்டுக் கொடுக்கலாமா?

உங்கள் பிழைப்பு எனக்குப் புரிகிறது. மணிக்கு இவ்வளவு என்று ஓடுகிற கடையில் வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது கஷ்டம். ஆனாலும் பள்ளிச் சீருடையோடு வருகிறவனுக்கு இதைப் போடாதீர்கள். பெரியவர்கள் கேட்டால் உள்பக்கம் இருக்கும் டிவியில் போடுங்கள், தெருவைப் பார்த்து இருக்கும் திரையில் வேண்டாம். கிரிக்கெட், கால்பந்து, கார் ரேஸ் டிஸ்க்குகளே சின்னப் பையன்களுக்கு நாள் முழுக்கப் போதும். ஒரு தடவை நீங்கள் இதைக் கண்டிப்பாக வைத்தால், அப்பா அம்மாக்கள் நம்பி அனுப்பும் கடையாக உங்கள் கடை இருக்கும்.

எங்கே வாங்குவது? புதிதாகக் கிடைக்கிறதா?

புதிதாகக் கிடைப்பது கடினம். டிஜிட்டலில் வாங்க வழி இல்லை. மார்வெல்லோடு ஆக்டிவிஷன் போட்டிருந்த உரிம ஒப்பந்தம் 2013 முடிவோடு தீர்ந்தது, 2014 தொடக்கத்தில் அவர்களுடைய மார்வெல் விளையாட்டுகள் டிஜிட்டல் கடைகளில் இருந்து இறக்கப்பட்டன. போதாததற்கு எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கன்சோலுக்கான (டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி) ஆன்லைன் கடையையே 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள். எத்தனையோ பேர் இரவு பகலாக உழைத்துச் செய்த ஒரு நல்ல விளையாட்டு, ஒரு காகிதத்தின் தேதி முடிந்ததால் விற்பனையில் இருந்து காணாமல் போகிறது. எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். ஒரு பழைய படத்தைத் தேடிப் பார்க்க இன்று எத்தனையோ வழி இருக்கிறது, பழைய விளையாட்டுக்கு அது இல்லை.

ஆகவே பழைய டிஸ்க்தான் வழி. கொழிஞ்சாம்பாறையில் இருந்து போகிறவர்களுக்கு வேலந்தாவளம் வழியாகக் கோவை போய்வருவது சுலபம். பொள்ளாச்சிப் பக்கம் தேடுவதானால் கோபாலபுரம் வழி. பழைய கன்சோல் வாங்கி விற்கும் கடைகளில் விசாரியுங்கள், இணையத்தில் பழைய பொருள் விற்கும் தளங்களிலும் பாருங்கள். டிஸ்க்கின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்க வேண்டும். நடுவில் இருந்து ஓரத்துக்கு ஓடும் கீறலை விட வட்டமாகச் சுற்றி ஓடும் கீறல்தான் அதிகத் தொல்லை. முடிந்தால் கடையிலேயே போட்டு ஓடவிட்டுப் பாருங்கள்.

பழைய பிளேஸ்டேஷன் 2க்கும் இதே பெயரில் டிஸ்க் இருக்கிறதே, அதை வாங்கலாமா?

கவனம். பெயர் ஒன்று, விளையாட்டு வேறு. பிளேஸ்டேஷன் 2, பிஎஸ்பி, வீ ஆகிய கன்சோல்களுக்கு வந்தது வேறு குழுவினர் செய்தது. நான் இங்கே எழுதியிருக்கும் ரத்தமும், கண் முன்னே சதை ஆறும் காட்சிகளும் அதில் இருக்காது. தரமும் ‘டி’தான். பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, கணினி மூன்றுக்கும் வந்ததன் உறையில் ‘அன்கேஜ்டு எடிஷன்’ என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். நம் பக்கத்தில் பிளேஸ்டேஷன் 2 இன்னும் நிறைய வீடுகளில் இருப்பதால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

வாளையாறு செக்போஸ்ட்டில் பழைய கன்சோலைப் பிடித்து வைப்பார்களா?

சொந்த உபயோகத்துக்கு ஒரு பழைய கன்சோல் கொண்டுபோவதில் பிரச்சினை இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே வணிக வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன. மற்றத் துறைகளின் சோதனை இருக்கும், பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டுங்கள். கடையில் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தால் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

டவுன்லோட் லிங்க் இருந்தால் தாருங்கள் அண்ணா.

தர மாட்டேன் தம்பி. உரிமை இல்லாத பிரதி என்பது ஒன்று. அதற்கு மேல், இந்தப் பெயரில் சுற்றும் கோப்புகளில் என்ன வைரஸ் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் அப்பாவின் வங்கிக் கணக்கு திறக்கும் அதே லேப்டாப்பில் அதைப் போடாதே.

கணினியா, பிளேஸ்டேஷன் 3ஆ? எது நல்லது?

பிளேஸ்டேஷன் 3 என்பேன். டிஸ்க்கைப் போட்டால் ஓடும், மண்டை காய வேண்டியதில்லை. கன்சோல் எந்த நாட்டில் வாங்கியது என்றும் பார்க்க வேண்டாம், அதன் விளையாட்டு டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. வளைகுடாவில் இருந்து யாராவது கொண்டுவந்த டிஸ்க்காக இருந்தாலும் பரவாயில்லை. எக்ஸ்பாக்ஸ் 360க்கு அப்படி இல்லை. சில டிஸ்க்குகள் குறிப்பிட்ட நாட்டுக் கன்சோலில்தான் ஓடும். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டும் பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்கைப் படிக்காது, அதையும் மறக்க வேண்டாம்.

பழையது வாங்கும்போது 2009 செப்டம்பருக்குப் பிறகு வந்த மெலிந்த உடல் மாடலாகப் பாருங்கள். முதலில் வந்த தடித்த மாடல் அதிகம் சூடாகும். பாலக்காட்டுப் பக்கம் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது, ஓடு போட்ட வீட்டில் கூட மதியம் அனல் அடிக்கும். டிவி பெட்டிக்குள் அடைத்து வைக்காமல் வெளியே, சுற்றிலும் காற்று போகிற மாதிரி வையுங்கள். எக்ஸ்பாக்ஸ் 360இன் ஆரம்ப மாடல்கள் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து சாவது அப்போதே பெரிய பிரச்சினை. 2007இல் மைக்ரோசாஃப்ட் அதற்காக உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டி வந்தது.

கணினியில் என்றால் இன்றைய சாதாரண லேப்டாப்பின் வேகமே போதும். இப்போதைய லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இல்லை, யுஎஸ்பியில் மாட்டுவது தனியாக வாங்க வேண்டும். அந்தக் காலத்து டிஸ்க் பாதுகாப்பு மென்பொருள்கள் பலவற்றோடு புதிய விண்டோஸ் ஒத்துப்போகாது, அதனால் தகராறு வரலாம். எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். கீபோர்டில் இந்தச் சண்டை சுகப்படாது.

நடுவில் கரண்ட் போனால்?

ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடித்தால் தென்னை மட்டை கம்பியில் விழும், கரண்ட் போகும், தெரிந்ததுதான். விளையாட்டு அவ்வப்போது தானாகப் பதிந்துகொள்ளும், அதனால் கடைசிப் பதிவில் இருந்து தொடரலாம். பதியும் குறி திரையில் சுற்றும்போது கரண்ட் போவதுதான் ஆபத்து, பதிவே கெட்டுப்போகலாம். கணினிக்குப் போடுகிற சின்ன யூபிஎஸ் ஒன்று போதும், சில நிமிடம் தாங்கும், அதற்குள் ஒழுங்காக அணைத்துவிடலாம். இடி மின்னல் இருந்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

முதல் தடவை விளையாடுகிறேன். எப்படி ஆடினால் நன்றாக இருக்கும்?

பட்டன்களைச் சும்மா தட்டிக்கொண்டே போனாலும் நார்மல் நிலையில் முடித்துவிடலாம். ஆனால் அப்படி ஆடினால் பாதியில் சலிக்கும்.

தாவுதலைக் கற்றுக்கொள்ளுங்கள். தூரத்தில் இருக்கும் எதிரியைக் குறிவைத்து ஒரே பாய்ச்சலில் அவன் மேல் விழலாம். அடித்துக்கொண்டிருக்கும்போதே திரும்பி இன்னொருவன் மேல் தாவலாம். துப்பாக்கிக்காரன் மாடியில் நின்றால் முதலில் அவன் மேல் போங்கள், கீழே இருப்பவர்கள் பிறகு. கதவுக்கம்பி, நீட்டிக்கொண்டிருக்கும் கூர் இரும்பு என்று சுற்றி இருப்பதை எல்லாம் பாருங்கள். எதிரியைப் பிடித்து அதில் எறிந்தால் ஒரே வீச்சில் முடியும்.

தடுப்பதை இரண்டாவதாகக் கற்றுக்கொள்ளுங்கள். சரியான நொடியில் தடுத்தால் பதிலடி தானாக விழும். பெரும்பாலானோர் ஆறும் உடம்பு இருக்கிறதே என்று தடுப்பதே இல்லை. ஹார்ட் நிலைக்குப் போனால் அந்தப் பழக்கம் காலை வாரிவிடும்.

மோப்ப உணர்வுக்கு ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் உலகம் மங்கி, போக வேண்டிய வழியும், மறைந்து நிற்கும் எதிரிகளும் ஒளிரும். வழி தெரியாமல் சுற்றினால் முதலில் அதை அழுத்துங்கள். விலங்கைப் போல மோப்பம் பிடிக்கிறவன் இவன் என்பதை ஒரு பட்டனில் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஒரே வகை எதிரியைத் திரும்பத் திரும்ப வீழ்த்தினால் அந்த வகை மேல் உங்கள் அடிக்குப் பலம் கூடும். நாய்ச் சங்கிலி போலக் கழுத்தில் தொங்கும் ராணுவ வில்லைகள் பிணங்களுக்குப் பக்கத்தில் கிடக்கும், எடுத்தால் அனுபவப் புள்ளி. அந்தப் புள்ளிகளை முதலில் நகத்தின் பலத்துக்கும் உயிருக்கும் போடுங்கள், ஆடம்பரத் திறன்கள் பிறகு.

பெரிய எதிரிகளில் எது சிறப்பு?

சென்டினல். கட்டிடம் உயரத்துக்கு நிற்கும் இயந்திர மனிதன். அதோடு தரையில் மோதி, பிறகு அதைப் பிடித்துக்கொண்டே வானத்துக்குப் போய், விழுந்துகொண்டே சண்டை போட வேண்டும். படத்தில் இது கிடையாது, காமிக்ஸில் இருந்து எடுத்து விளையாட்டுக்காகச் சேர்த்தது. பெரிய திரையில் பார்க்க வேண்டிய காட்சி, கிடைத்தது விளையாடுகிறவர்களுக்கு.

படத்தில் குத்துச்சண்டைக் கூடத்தில் பிளாப் என்ற பெருத்த உடம்புக்காரனோடு நடக்கும் சண்டை, விளையாட்டில் ஒரு பல்பொருள் அங்காடிக்குள் நடக்கும். கேம்பிட் என்பவனோடு நடப்பது கொஞ்சம் நீளம். அணு உலையின் குளிர்விப்புக் கோபுரத்து உச்சியில் டெட்பூல் என்ற எதிரியோடு நடக்கும் முடிவுச் சண்டை, படத்தில் வந்ததை விட நன்றாக இருக்கிறது.

காமிக்ஸில் வுல்வரின் போடும் மஞ்சள் உடை எப்படிக் கிடைக்கும்?

கட்டங்களில் அங்கங்கே சின்னப் பொம்மைகள் ஒளித்து வைத்திருப்பார்கள். அவற்றைச் சேர்த்தால் ஒரு சவால் திறக்கும். அதில் அந்த உடை போட்ட வுல்வரினோடே மோத வேண்டும். ஜெயித்தால் உடை உங்களுக்கு.

குறையே இல்லையா?

இருக்கிறது. ஒரே மாதிரிச் சண்டை திரும்பத் திரும்ப வரும். பாறை உடம்போடு வரும் ராட்சதர்களை முதல் தடவை வீழ்த்தும்போது இருக்கும் உற்சாகம், அதே வகை மறுபடி மறுபடி வரும்போது இருக்காது. பெட்டியைத் தள்ளு, மின்கலத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் செருகு என்று இடையில் வரும் வேலைகள் நேரத்தை நீட்ட மட்டும்தான். ஆப்பிரிக்கக் கட்டங்களில் ஊர்க்காரர்களை இன்னும் மனிதர்களாகக் காட்டியிருக்கலாம். லோகன் அவர்களுக்காகத்தான் படையை விட்டே விலகுகிறான், ஆனால் அவர்களில் ஒருவர் முகம் கூட நம் நினைவில் நிற்பதில்லை. கதையின் முக்கியமான இடம் அங்கே பலவீனமாகிவிட்டது. மற்ற எல்லாக் குறையையும் விட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

புதிதாக ஒரு வுல்வரின் விளையாட்டு வருகிறதாமே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அதைச் செய்வது 2018இல் ஸ்பைடர்மேன் விளையாட்டைச் செய்த இன்சோம்னியாக் குழு. 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள், பிளேஸ்டேஷன் 5க்கானது, எந்தப் படத்தையும் தழுவியது இல்லை. 2025இல் காட்டிய முன்னோட்டத்தில் ரத்தத்துக்குக் குறைவில்லை. ஆகவே எருத்தேம்பதி அக்காவுக்குச் சொன்ன பதில்தான் அதற்கும். வாங்குவதற்கு முன்னால் உறையின் மூலையைப் பாருங்கள்.